பெரியவர்களின் உறக்கமும் நினைவும்: அரைமணி நேரம் செய்யும் உதவி

அல்சூர் ஏரிக்கரைப் பக்கம் விடியற்காலையில் சென்று பார்த்தவர்களுக்குத் தெரியும். வெளிச்சம் வருவதற்கு முன்பே நடைப்பயிற்சிக்காரர்கள் வந்துவிடுவார்கள். நல்ல காலணி, காதை மூடிய மஃப்ளர், கையில் தண்ணீர் பாட்டில். பெரும்பாலும் வசதியாக வாழ்கிறவர்கள். அதே நேரத்தில், ஏரியிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் சந்துகளுக்குள் போனால் வேறொரு காட்சி. ஒற்றை அறை வீட்டின் வாசற்படியில் ஒரு பாட்டி போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இரவு இரண்டு மணிக்கே விழித்துக்கொண்டவர் அவர். உள்ளே பேரப்பிள்ளைகள் தூங்குகிறார்கள், விளக்கைப் போட முடியாது. அதனால் வாசலுக்கு வந்து எப்போது விடியும் என்று காத்திருக்கிறார்.

அவரிடம் பேச்சுக் கொடுத்தால் இரண்டு குறைகளைச் சொல்வார். "ராத்திரியில் தூக்கமே இல்லை." "எதை எங்கே வைத்தேன் என்று நினைவில்லை." கேட்கும் நாமும், "வயசாயிடுச்சு பாட்டி, அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம்.

நானும் அப்படிச் சொன்னவன்தான். என் தாயார், அப்பா காலமான பிறகு, 71ஆம் வயதில் ஆம்பூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து எங்களோடு இருக்க வந்தார். வந்த ஆறு மாதத்தில் உறக்கம் கெட்டது. ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்க ஆரம்பித்தார். நான் டாக்டரிடம் அழைத்துப் போகவில்லை. மருந்துக் கடையில் சொல்லித் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். மூன்றாம் வாரம் நடு இரவில் கழிவறைக்கு எழுந்தவர் தடுமாறி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். கட்டுப் போட்ட டாக்டரம்மா என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ஊரில் இருந்தபோது உங்கள் அம்மா ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் நடந்தார்கள்?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. கொல்லைக்கும் கிணற்றுக்கும் கோயிலுக்கும் கடைக்குமாக நாள் முழுவதும் நடந்தவர் அவர். இங்கே வந்த பிறகு கட்டிலுக்கும் தொலைக்காட்சிக்கும் நடுவே எட்டு அடிதான். அந்தக் கேள்விக்குப் பிறகுதான் இந்த விஷயத்தைப் பற்றித் தேடிப் படிக்கத் தொடங்கினேன். படித்ததில் நம் வீட்டுப் பெரியவர்களுக்குப் பயன்படக் கூடியதை இங்கே எழுதுகிறேன்.

வயதானால் உறக்கம் குறையத்தான் வேண்டுமா?

வயது ஏற ஏற உறக்கத்தின் தன்மை மாறுவது உண்மை. ஆழ்ந்த உறக்கத்தின் பங்கு குறைகிறது. இரவில் இரண்டு மூன்று முறை விழிப்பு வருகிறது. மாலையில் சீக்கிரம் கண் சொக்கி, அதிகாலையில் சீக்கிரம் விழிக்கிறோம். ஆனால் உறக்கத்தின் தேவை பலர் நினைப்பது போல மூன்று மணி, நான்கு மணி நேரமாகச் சுருங்கிவிடுவதில்லை. 65 வயதைத் தாண்டியவர்களுக்கும் ஏழு முதல் எட்டு மணி நேரம் வேண்டும் என்று அமெரிக்காவின் தேசிய உறக்க அறக்கட்டளை கூட்டிய நிபுணர் குழு 2015இல் பரிந்துரைத்தது.

உறக்கத்துக்கும் நினைவுக்கும் நெருங்கிய உறவு உண்டு. பகலில் கேட்டதும் பார்த்ததும் மூளையில் நிலைத்த நினைவாகப் பதிவதற்கு இரவின் ஆழ்ந்த உறக்கம் துணை செய்கிறது. உறங்கும்போது மூளையில் சேர்ந்த கழிவுப் பொருள்கள் வேகமாக அகற்றப்படுகின்றன என்று 2013இல் எலிகளிடம் நடத்திய ஒரு புகழ்பெற்ற ஆய்வு சொன்னது. மனிதர்களிடத்தில் இது எவ்வாறு நடக்கிறது என்பது பற்றி விஞ்ஞானிகள் இன்னும் விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் ஒரு விஷயத்துக்கு விஞ்ஞானி தேவையில்லை. இரண்டு இரவு சரியாகத் தூங்காதவருக்கு மூன்றாம் நாள் கவனம் சிதறும், பெயர்கள் மறக்கும், கோபம் வரும். இது இருபது வயதுக்காரருக்கும் பொருந்தும். ஆக, பாட்டி சொல்லும் இரண்டு குறைகளும் பல வேளைகளில் ஒரே குறையின் இரு முகங்கள்தான்.

மறதி என்றதும் மூளைத் தேய்வு நோய் வந்துவிட்டது என்று பயப்படவும் வேண்டாம். நம் நாட்டில் 60 வயதைக் கடந்தவர்களில் 100க்கு ஏழு பேருக்குச் சற்று அதிகமாக, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, 'டிமென்ஷியா' என்னும் அந்த நிலை இருப்பதாக 2023இல் வெளிவந்த தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டது. இது சிறிய எண்ணிக்கை அல்ல. என்றாலும் மீதி 90 பேருக்கு மேல் அந்த நோய் இல்லாதவர்கள் என்பதையும் பார்க்க வேண்டும். படிப்பு வாய்ப்புக் கிடைக்காதவர்களிடமும் பெண்களிடமும் இது கூடுதலாகக் காணப்பட்டது என்பது அந்த ஆய்வு சொன்ன வேதனையான செய்தி.

ஏழை வீட்டு உறக்கத்தின் எதிரிகள்

வசதியுள்ள வீட்டில் பெரியவருக்குத் தனி அறை இருக்கும். நம்மில் பலருடைய வீடுகளில் அப்படி இல்லை. ஒரே அறையில் ஐந்து பேர். மகன் இரண்டாம் ஷிப்டு முடிந்து நள்ளிரவில் வருகிறான். மருமகள் தண்ணீர் பிடிக்க நாலரைக்கு எழுகிறாள். பதினோரு மணிவரை தொலைக்காட்சி. கொசு. தெரு நாய்கள். போதாததற்குப் பெரியவர்களுக்கே உரிய மூட்டு வலி, இரவில் அடிக்கடி சிறுநீர், சர்க்கரை, இரத்தக் கொதிப்பு. மாதக் கடைசியில் கையில் காசில்லாத கவலை வேறு. கர்நாடகத்தின் சந்தியா சுரக்ஷா முதியோர் உதவித் தொகை 2021இல்தான் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அதை நம்பியிருப்பவரிடம் உடற்பயிற்சி நிலையத்தில் சேருங்கள், விலையுயர்ந்த மெத்தை வாங்குங்கள் என்று சொல்வதில் அர்த்தமில்லை.

ஊர் விட்டு ஊர் வந்தவர்களுக்கு இன்னொரு இழப்பும் உண்டு. கிராமத்தில் நடக்கக் காரணங்கள் இருந்தன, பேச ஆட்கள் இருந்தார்கள். இங்கே தெருவில் இறங்கினால் வண்டிகள். கன்னடம் சரியாக வராததால் கடைக்குப் போகவும் தயக்கம். நடையும் பேச்சும் ஒருங்கே போய்விடுகின்றன. பகலில் வேலையில்லாததால் அரைத் தூக்கம், பகலில் தூங்கியதால் இரவில் விழிப்பு. இந்தச் சக்கரத்தை எங்கே உடைப்பது?

நம் பெங்களூரிலேயே கிடைத்த விடை

இதற்கு விடை தேடி வெளிநாட்டுக்குப் போக வேண்டியதில்லை. பெங்களூரிலேயே முதியோர் இல்லங்களில் நல்ல ஆய்வுகள் நடந்திருக்கின்றன.

முதலாவது, பெங்களூர் சுவாமி விவேகானந்தா யோக ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த மஞ்சுநாத், ஷர்லி டெல்லஸ் ஆகியோர் நடத்தி 2005இல் வெளியிட்டது. 120 பேர் இருந்த ஒரு முதியோர் இல்லத்தில் 69 பேரைத் தேர்ந்து மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு எளிய ஆசனம், மூச்சுப் பயிற்சி, உடலைத் தளர்த்தும் பயிற்சி. இன்னொரு குழுவுக்கு ஆயுர்வேத மூலிகை மருந்து. மூன்றாவது குழுவுக்கு அப்போதைக்கு எதுவும் இல்லை. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, பயிற்சி செய்தவர்கள் படுத்தபின் உறக்கம் வருவதற்கு ஆகும் நேரம் சராசரியாகப் பத்து நிமிஷம் குறைந்திருந்தது. மொத்த உறக்கம் சுமார் ஒரு மணி நேரம் கூடியிருந்தது. காலையில் எழும்போது களைப்புத் தீர்ந்த உணர்வும் கூடியதாகச் சொன்னார்கள். இரவில் தூங்காமல் தவித்தவர்களுக்குத்தான் ஒரு மணி நேரத்தின் அருமை தெரியும்.

அடுத்தது, ஓசூர் சாலையில் உள்ள நிம்ஹான்ஸ் என்னும் தேசிய மனநல, நரம்பியல் நிறுவனத்தின் மருத்துவர்கள் 2013இல் வெளியிட்டவை. ஒன்பது முதியோர் இல்லங்களைச் சேர்ந்த 120 பேரைச் சீட்டுக் குலுக்குவது போல இரு பிரிவாக்கினார்கள். 62 பேருக்கு யோகப் பயிற்சி. 58 பேர் காத்திருப்போர் பட்டியலில். முதல் மாதம் தினந்தோறும் ஆசிரியர் வந்து சொல்லிக் கொடுத்தார். பிறகு மூன்றாம் மாதம் வரை வாரம் ஒரு முறை. அதன்பின் ஆறாம் மாதம் வரை தாங்களாகவே தொடர ஊக்கப்படுத்தினார்கள். முடிவில் பயிற்சி செய்தவர்களின் உறக்கத்தின் தரமும் வாழ்க்கைத் தரமும் மற்றவர்களைவிட மேம்பட்டிருந்தன.

அதே குழுவினர் சிந்திக்கும் திறனையும் அளந்தார்கள். பயிற்சி பெற்ற 44 பேரையும் பெறாத 43 பேரையும் ஒப்பிட்டார்கள். கேட்ட சொற்களை உடனேயும் சற்று நேரம் கழித்தும் நினைவுகூர்வது, ஒரு படத்தைப் பார்த்து மனத்தில் வைத்து வரைவது, குறிப்பிட்ட எழுத்தில் தொடங்கும் சொற்களை அடுக்குவது, எண்களை வரிசையாக இணைக்கும் வேகம் போன்ற சோதனைகள். ஆறு மாத முடிவில் பயிற்சி பெற்றவர்கள் இவற்றில் முன்னேறியிருந்தார்கள். படிப்பு வேறுபாட்டைக் கணக்கில் கொண்ட பிறகும் முடிவு மாறவில்லை. படிக்காத பெரியவர்களுக்கு இதனால் என்ன லாபம் என்று நினைப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

வெளிநாட்டு அனுபவம்

அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தார் 1997இல் வெளியிட்ட ஆய்வில், உறக்கக் குறை சொன்ன 43 பேர், 50 முதல் 76 வயது வரையுள்ளவர்கள், 16 வாரம் பங்கேற்றார்கள். வேக நடையும் மிதமான பயிற்சியும் மேற்கொண்டவர்களுக்கு உறக்கம் விரைவாக வந்தது, நீண்டும் இருந்தது. 2011இல் வெளிவந்த வேறோர் ஆய்வில், 120 பெரியவர்களில் ஒரு பாதியினர் ஓராண்டுக்கு வாரம் மூன்று நாள் 40 நிமிஷம் நடந்தார்கள். நினைவைக் காக்கும் 'ஹிப்போகேம்பஸ்' என்னும் மூளைப் பகுதி அவர்களிடம் 2 சதவிகிதம் வளர்ந்திருந்தது. வெறுமனே உடலை நீட்டி வளைக்கும் பயிற்சி மட்டும் செய்தவர்களிடம் அது சுமார் 1.4 சதவிகிதம் சுருங்கியிருந்தது.

எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு அதே 2011இல் அமெரிக்க முதியோர் இல்லங்களில் 193 பேரிடம் நடந்தது. ஒரு பிரிவினருக்குத் தசைப் பயிற்சியும் நடையும். இன்னொரு பிரிவினருக்குப் பேச்சு, விளையாட்டு போன்ற கூடிப் பழகும் பொழுதுபோக்கு. மூன்றாவது பிரிவினருக்கு இரண்டும். நான்காவது பிரிவினருக்கு வழக்கமான கவனிப்பு. ஏழு வாரத்துக்குப் பின், வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களைவிட இரவு உறக்கம் தெளிவாகக் கூடியது இரண்டும் சேர்ந்து பெற்றவர்களுக்குத்தான். பயிற்சியும் வேண்டும், பக்கத்தில் பேச ஆளும் வேண்டும். ஊரில் நம் பெரியவர்களுக்குக் கிடைத்து, இங்கே அவர்கள் இழந்தது இந்த இரண்டும்தான்.

மறுபக்கத்தையும் சொல்வது நியாயம். 2015இல் வெளியான, 70 முதல் 89 வயதுக்குட்பட்ட 1,635 பேர் பங்கேற்ற பெரிய ஆய்வில், இரண்டாண்டுப் பயிற்சி பெற்றவர்களுக்கும் நலவாழ்வு வகுப்புக்கு மட்டும் வந்தவர்களுக்கும் சிந்தனைத் திறனில் மொத்தத்தில் வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் 80 வயதைக் கடந்தவர்களும் தொடக்கத்தில் உடல் மிகவும் தளர்ந்திருந்தவர்களும் பயிற்சியால் ஓரளவு பயன் பெற்றார்கள். எனவே பயிற்சி மறதிக்கு மந்திரம் அல்ல. போன நினைவை எல்லாம் மீட்டுத் தந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். உறக்கத்துக்கு நல்லது, விழாமல் காக்கும், மனச்சோர்வைக் குறைக்கும், பலருக்குச் சிந்தனையும் தெளியும். செலவு இல்லாத ஒரு காரியத்துக்கு இந்தப் பலன் போதாதா?

எப்படி வேலை செய்கிறது?

பகலில் உடல் உழைக்கும்போது, உறக்கத்தை வரவழைக்கும் ஒருவகைப் பொருள் மூளையில் சேர்கிறது. சும்மா உட்கார்ந்தும் பகலில் தூங்கியும் கழித்தவருக்கு அந்தச் சேமிப்புக் குறைவு. காலை வெயில் கண்ணில் படும்போது, உடலுக்குள் இருக்கும் கடிகாரம் 'இது பகல்' என்று முள்ளைத் திருத்திக்கொள்கிறது. ஜன்னல் இல்லாத ஒற்றை அறையில் அடைந்து கிடப்பவருக்கு இந்தச் செய்தி போய்ச் சேருவதே இல்லை. இதயம் சற்று வேகமாகத் துடிக்கும்போது மூளைக்கு இரத்த ஓட்டம் கூடுகிறது. நரம்பணுக்களைப் பேணும் சில பொருள்கள் சுரக்கின்றன. மெதுவான மூச்சுப் பயிற்சியில் பதற்றம் தணிகிறது. கவலை குறைந்த மனம் எளிதில் உறங்குகிறது.

'லான்செட்' மருத்துவ இதழின் ஆணையம் 2024இல், டிமென்ஷியாவுக்கு வழிவகுக்கும் திருத்தத்தக்க காரணங்கள் 14 என்று பட்டியலிட்டது. எல்லாவற்றையும் சரிசெய்தால் அந்நோயில் சுமார் 45 சதவிகிதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ கூடும் என்றது. அதில் படிப்புக் குறைவும் ஒன்று. 70 வயதில் அதைத் திருத்த முடியாது. ஆனால் உடல் அசைவின்மை, தனிமை, மனச்சோர்வு, இரத்தக் கொதிப்பு, சர்க்கரை, கண்பார்வை, காது கேளாமை ஆகியனவும் அதே பட்டியலில் உண்டு. இவற்றை 70 வயதிலும் கவனிக்கலாம்.

"நாங்கள்தான் வேலை செய்கிறோமே?"

நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கும் 65 வயது அம்மாவிடம் உடற்பயிற்சி செய்யுங்கள் என்று சொன்னால் கோபம் வருவது நியாயம். வேலையில் படும் பாடும், ஓய்வாக இருக்கும்போது விரும்பிச் செய்யும் பயிற்சியும் உடலுக்கு ஒன்றல்ல என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. குனிந்தே செய்யும் வேலையால் இடுப்பும் முழங்காலும் தேய்கின்றன. உடலின் சமநிலை வளர்வதில்லை, மனமும் ஓய்வதில்லை. இவர்களுக்கு வேண்டியது கூடுதல் உழைப்பு அல்ல. பத்து நிமிஷம் முதுகை நிமிர்த்தி நீட்டுவது, சமநிலைப் பயிற்சி, அமைதியான மூச்சு, கூட இருந்து பேச நாலு பேர். இவ்வளவு போதும்.

செலவில்லாத அரைமணி நேரத் திட்டம்

உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, 65 வயதைக் கடந்தவர்கள் வாரத்தில் 150 முதல் 300 நிமிஷம் மிதமான உடலியக்கத்தில் ஈடுபடுவது நல்லது. இரண்டு நாளாவது தசைப் பயிற்சி, மூன்று நாளாவது சமநிலையும் வலுவும் சேர்ந்த பயிற்சி வேண்டும். முடியாதவர்கள் முடிந்த அளவு செய்தாலும் பலன் உண்டு. இதை நம் தெருவுக்கு ஏற்றபடி இப்படிப் பிரித்துக்கொள்ளலாம்.

1. தயாராதல், 5 நிமிஷம்: நின்ற இடத்திலேயே மெதுவாகக் காலை மாற்றி மாற்றித் தூக்குதல், தோளைச் சுழற்றுதல், கழுத்தை மெல்ல இருபக்கமும் திருப்புதல்.

2. நடை, 10 முதல் 15 நிமிஷம்: பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அந்த வேகமே போதும். வழவழப்பான ரப்பர் செருப்பு வேண்டாம். பின்பட்டை உள்ள செருப்பே நல்லது.

3. உட்கார்ந்து எழுதல், 8 முதல் 10 முறை: சுவரோடு ஒட்டி வைத்த உறுதியான நாற்காலியிலிருந்து, முடிந்தால் கையை ஊன்றாமல் எழுந்து உட்கார வேண்டும். தொடைத் தசை வலுத்தால் இரவில் கழிவறைக்கு எழும்போது தடுமாற்றம் குறையும்.

4. சுவரைத் தள்ளுதல், 10 முறை: கை நீட்டும் தூரத்தில் நின்று, சுவரில் இரு உள்ளங்கையும் வைத்து, முழங்கையை மடக்கி நீட்டுதல்.

5. சமநிலை: நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குதல் 10 முறை. பிறகு ஒற்றைக் காலில் பத்து எண்ணும் வரை நிற்றல், அடுத்து மறு கால். பக்கத்தில் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும்.

6. மூச்சு, 5 நிமிஷம்: உட்கார்ந்து மெதுவாக மூச்சை இழுத்து, அதைவிட மெதுவாக விடுதல். மூச்சை அடக்கி வைக்க வேண்டாம். குறிப்பாக இரத்தக் கொதிப்பு, இதயக் கோளாறு உள்ளவர்கள்.

கடைசியில் ஐந்து நிமிஷம் விளையாட்டு. 'க' என்ற எழுத்தில் தொடங்கும் சொற்களை ஆளுக்கொன்றாகச் சொல்லிக்கொண்டு போகலாம். ஊர்ப் பெயர், காய்கறிப் பெயர் எதுவும் ஆகலாம். எழுதப் படிக்கத் தெரிய வேண்டியதில்லை. எங்கள் தெருவில் இதற்காகவே வருகிறவர்கள் உண்டு!

நிம்ஹான்ஸ் ஆய்வின் முறையையே நாமும் பின்பற்றலாம். முதல் மாதம் தினமும் எல்லோரும் ஒன்றாக, ஒருவர் முன்னின்று சொல்லிக் கொடுக்க வேண்டும். பிறகு வாரம் ஒரு முறையாவது கூடிச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். மற்ற நாட்களில் இருவர் மூவராகச் சேர்ந்து செய்யலாம். ஒருவர் இரண்டு நாள் வரவில்லையென்றால் வீட்டுக்குப் போய்க் கேட்க வேண்டும். மூன்று நாளில் பலனை எதிர்பார்க்கக் கூடாது. மேலே சொன்ன ஆய்வுகளில் பலன் வாரங்களிலும் மாதங்களிலும்தான் தெரிந்தது.

தொடங்குமுன் அருகிலுள்ள அரசு மருத்துவமனையிலோ நம்ம கிளினிக்கிலோ இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துக்கொள்ளுங்கள். பயிற்சியின்போது நெஞ்சில் வலி, தலைச்சுற்றல், வழக்கத்துக்கு மாறான மூச்சுத் திணறல் ஏற்பட்டால் உடனே நிறுத்தி டாக்டரிடம் போக வேண்டும். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் செய்ய வேண்டாம்.

உணவை மறக்கக் கூடாது

ஒரு வேளை சோறும் இரண்டு வேளை தேநீருமாக வாழ்பவரைப் பயிற்சி செய்யச் சொல்வது பாவம். முதியவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராமுக்குக் குறையாமல் புரதம் வேண்டும் என்பது நிபுணர்கள் கருத்து. 50 கிலோ எடையுள்ளவருக்கு 50 கிராம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம், ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் சுமார் 7 கிராம், ஒரு டம்ளர் பாலில் 6 கிராம் கிடைக்கும். மீதியைப் பருப்பும் சுண்டலும் கேழ்வரகும் தரும். பல் இல்லாதவர்களுக்குக் கடலையை இடித்துக் கொடுக்கலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். குடும்பத்தில் எல்லோரும் சாப்பிட்டபின் மிஞ்சியதைத் தின்னும் வழக்கம் நம் வீட்டுப் பெண்களுக்கு உண்டு. பாட்டியின் தட்டில் என்ன விழுகிறது என்று ஒருநாள் பாருங்கள்.

இரவுக்குச் சில குறிப்புகள்

மாலை நான்கு மணிக்குப் பிறகு காபி, டீ வேண்டாம். பகல் தூக்கம் மூன்று மணிக்கு முன்பாக, அரைமணிக்கு மேற்படாமல் இருக்கட்டும். சிறுநீர் பிரிய மாத்திரை எடுப்பவர்கள் அதைக் காலையில் எடுத்துக்கொள்ளலாமா என்று டாக்டரிடம் கேட்கலாம். பெரியவர் படுக்கும் நேரத்தில் தொலைக்காட்சியை நிறுத்துவது குடும்பத்தார் செய்யக்கூடிய தியாகம், பிள்ளைகளின் படிப்புக்கும் அது நல்லதுதான். கொசுவலை கட்டுங்கள். கழிவறைக்குப் போகும் வழியில் சாமான் வைக்காமல், ஒரு சிறிய விளக்கை எரியவிடுங்கள்.

தூக்க மாத்திரையை டாக்டர் சொல்லாமல் வாங்காதீர்கள். வயதானவர்களுக்கு அதனால் விழுந்து எலும்பு முறியும் அபாயமும் குழப்பமும் கூடுகின்றன. ஏற்கெனவே நெடுநாளாக எடுப்பவர்கள் திடீரென்று நிறுத்தவும் கூடாது. டாக்டரின் சொற்படி படிப்படியாகக் குறைக்க வேண்டும். பலத்த குறட்டையும் நடுவில் மூச்சு நிற்பதும் இருந்தாலோ, தெரிந்த வழியை மறந்தாலோ, வீட்டார் பெயரே மறந்தாலோ, சாப்பாட்டிலும் பேச்சிலும் விருப்பம் போய்விட்டாலோ, அது வயதின் இயல்பல்ல. டாக்டரிடம் காட்ட வேண்டிய விஷயம். நிம்ஹான்ஸில் முதியோருக்கென்று தனி மனநலப் பிரிவு உள்ளது. மனநல ஆலோசனைக்கு 14416 என்ற இலவச எண்ணும், முதியோர் உதவிக்கு 14567 என்ற எண்ணும் உள்ளன.

நம்மால் முடிந்தது

கட்டுப் பிரித்த பிறகு என் தாயாரைக் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போனேன். முதல் நாள் தெருமுனை வரைக்கும்தான். ஒரு மாதத்தில் பக்கத்துச் சந்திலிருந்து திருவண்ணாமலைப் பக்கத்து அம்மா ஒருவர் சேர்ந்தார். பிறகு வேலூர்க்காரர் இருவர், ஒரு தெலுங்கு அம்மா. இப்போது ஒன்பது பேர். நான் போகாவிட்டாலும் அவர்கள் போய்விடுகிறார்கள். அம்மா இன்றைக்கும் எல்லா இரவும் ஏழு மணி நேரம் தூங்குவதில்லை. சில பெயர்கள் இன்னும் மறக்கின்றன. ஆனால் இரண்டு மணிக்கு எழுந்து வாசலில் உட்காருவது நின்றுவிட்டது. சென்ற மாதம் என் மகளிடம், "நேற்று நீ சொன்ன பரீட்சை எப்படி எழுதினாய்?" என்று கேட்டார். பாட்டிக்கு நினைவிருக்கிறதே என்று அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன்.

பிழைப்புக்காகப் பெங்களூர் வந்த நாம், நம் பெற்றோரையும் அழைத்து வந்துவிட்டோம். அவர்கள் ஊரையும் நடையையும் பேச்சுத் துணையையும் விட்டுவிட்டு நமக்காக வந்தவர்கள். ஊரைத் திருப்பித் தர நம்மால் ஆகாது. நடையையும் துணையையும் தரலாம். படித்த இளைஞர்களும் ஓய்வுபெற்றவர்களும் தெருவுக்கு ஒருவராக முன்வந்தால், கோயில் மண்டபமோ பள்ளி மைதானமோ ஏரிக்கரையோ, எங்கே இடம் கிடைத்தாலும் ஒரு குழுவைத் தொடங்கிவிடலாம். தேவையானவை ஒரு உறுதியான நாற்காலியும் அரைமணி நேரமும்தான்.

நாளைக் காலை உங்கள் தெருவில் வாசற்படியில் உட்கார்ந்திருக்கும் பாட்டியிடம், "வயசாயிடுச்சு" என்று சொல்லாதீர்கள். "வாங்க பாட்டி, முனை வரைக்கும் போய் வரலாம்" என்று கூப்பிடுங்கள்.